வேலி தாண்டிய கிளை

ஒருவர் நிலத்தில் வேரூன்றிய மரம் அடுத்தவர் நிலத்தின் மேல் கிளை நீட்டும்போது இரண்டு உரிமைகள் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. மரம் அதை வளர்த்தவருக்குச் சொந்தம். நிலத்துக்கு மேலுள்ள வெளி அந்த நிலத்துக்காரருக்குச் சொந்தம். கிளை மரத்தின் உறுப்பு, ஆனால் அது நிற்பது அயலார் வெளியில். அதை வெட்ட உரிமை உண்டா என்று கேட்டால் வழக்கறிஞர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். கேட்காமல் வெட்டுவது முறையா, எவ்வளவு வெட்டலாம், நிழலைத் தீங்கு என்று சொல்ல முடியுமா, கிளையில் தொங்கும் காய் யாருக்கு, மரத்துக்கென்று இதில் ஒரு தரப்பு உண்டா என்பவை அவ்வளவு எளிதில் முடிவதில்லை. சமயங்களும் அறநூல்களும் இவற்றை நெடுங்காலமாக யோசித்து வந்திருக்கின்றன.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு ஓய்வே கிடையாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய மண்ணில் ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. மரங்களுக்கு உறங்கும் பருவம் இல்லை. இந்த ஆண்டு கழித்த மாங்கிளை இரண்டு மழைக்காலத்துக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடும். தாமான் எனப்படும் குடியிருப்புகளில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. நான்கடிப் புழக்கடையில் நட்ட முருங்கையோ ரம்புத்தானோ வேலிக்குள் அடங்காது. ஒரே வரிசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று குடியிருப்பதால், ஒரு வீட்டார் சொத்தாகப் பார்க்கும் மரத்தை இன்னொரு வீட்டார் சகுனமாகவும், மூன்றாவது வீட்டார் சாமியாகவும் பார்க்கக்கூடும். இதையெல்லாம் தவிர, இந்த மாநிலத்துக்கென்றே ஒரு தனிச் சிறப்பு உண்டு. வேலி தாண்டிய கிளையைப் பற்றி நேரடியாகப் பேசும் ஒரு சமயச் சட்டநூல் இங்கே அரசாங்க ஏற்புடன் மலாயில் வெளியாகியிருக்கிறது.

அந்த நூல் மஜல்லா. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை, அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையில், இஸ்லாமிய உரிமையியல் சட்டத்தை 1851 பிரிவுகளாகத் தொகுத்தது. ஜொகூர் அரச குடும்பத்துக்குத் துருக்கியோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. 1895-இலேயே எழுத்து வடிவில் அரசியலமைப்பைப் பெற்றிருந்த இந்த மாநிலம், சுல்தான் இப்ராஹிம் காலத்தில், 1913-இல், மஜல்லாவை மலாயில் பெயர்த்து 'மஜல்லா அஹ்காம் ஜொகூர்' என்று வெளியிட்டது. ஆங்கிலேயப் பொது ஆலோசகரின் கை ஓங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எனவே ஆங்கிலச் சட்டத்தின் முன் அதனால் நெடுங்காலம் நிற்க முடியவில்லை. ஜொகூர் மலாய் மக்கள் பின்பற்றுவது ஷாஃபிஈ மத்ஹப் என்னும் சட்டநெறி, மஜல்லாவோ ஹனஃபி மத்ஹப் வழிப்பட்டது என்பது இன்னொரு விந்தை. அண்டை வீட்டு மரத்தைப் பொறுத்தவரை இரண்டு மத்ஹபுகளையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.

மஜல்லாவின் 1196-ஆம் பிரிவு இரண்டே வாக்கியங்களில் இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறது. ஒருவரின் தோட்டத்து மரக்கிளை அயலாரின் வீட்டின் மேலோ தோட்டத்தின் மேலோ நீண்டால், கிளையை இழுத்துக் கட்டியோ வெட்டியோ வெளியைக் காலி செய்து தரும்படி மரக்காரரை அயலார் வற்புறுத்தலாம். ஆனால் மரத்தின் நிழல் தன் பயிரைக் கெடுக்கிறது என்று காரணம் காட்டி அந்த மரத்தையே வெட்டச் சொல்ல முடியாது.

இந்தப் பிரிவை மேலோட்டமாக வாசித்தால் இழுத்துக் கட்டும் யோசனை கண்ணில் படாமலே போய்விடும். கயிறு போட்டு இழுத்தால் தீருகிற தொல்லைக்கு அரிவாள் வேண்டியதில்லை. வெட்டும் கட்டாயம் அதற்குப் பிறகே வருகிறது. அதைவிட முக்கியம், வேலை யார் தலையில் விழுகிறது என்பது. அயலார் அரிவாளோடு ஏறி வெட்டலாம் என்று பிரிவு தொடங்கவில்லை. மரக்காரர் செய்ய வேண்டும், அயலார் கேட்க வேண்டும். சண்டைக்கு முன்னால் ஒரு பேச்சு நடந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு சட்டத்தின் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது.

நிழலைப் பற்றிய தீர்ப்பு இன்னும் ஆழமானது. பயிர் வாடுகிறது என்றால் அது இழப்புத்தானே? மஜல்லா இழப்பையும் தீங்கையும் ஒன்றாக எண்ணுவதில்லை. மிதமிஞ்சிய தீங்கு என்பது வீட்டைப் பலவீனப்படுத்துவது அல்லது வீட்டின் அடிப்படைப் பயனைத் தடுப்பது என்று அது வரையறுக்கிறது. காற்றோட்டம் குறைவதும், வெளிக்காட்சி மறைவதும், வெயில் உள்ளே வராமல் போவதும் அந்த அளவுக்கு வராது. வெளிச்சமே முழுதாக அடைபட்டுப் போனால்தான் வரும் என்கிறது 1201-ஆம் பிரிவு. அதாவது வீடு வீடாக இருக்க என்ன வேண்டுமோ அதைப் பறித்தால் தீங்கு. இருப்பதில் கொஞ்சம் சுகம் குறைந்தால் அது அக்கம்பக்கத்தில் வாழ்வதற்குக் கொடுக்கும் விலை. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் முழுச் சிக்கலும். தரையில் சதுரம் சதுரமாகப் பிரித்த எல்லை வெயிலுக்கும் காற்றுக்கும் பொருந்தாது என்பதை அந்தச் சட்ட அறிஞர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஷாஃபிஈ அறிஞர்கள் இதை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார்கள். அவர்களிடம் படிமுறை தெளிவாக இருக்கிறது: முதலில் கேட்பது, மறுத்தால் கிளையைத் தன் வெளியிலிருந்து வளைத்துத் தள்ளுவது, வளையாவிட்டால் வெட்டுவது. இதோடு நிறுத்தாமல் ஒரு நுட்பமான கேள்வியையும் எழுப்பினார்கள். 'கிளை இருக்கட்டும், மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று மரக்காரர் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்யலாமா? வெறும் காற்றுவெளியில் நிற்கும் கிளைக்கு அப்படிச் செய்ய முடியாது என்பது அவர்களின் முடிவு. நிலத்திலிருந்து பிரித்துக் காற்றை மட்டும் விலை பேச இயலாது. கிளை சுவரின் மேல் சாய்ந்திருந்தால் நிலைமை மாறும். அதிலும் காய்ந்த கிளையானால் ஒப்பந்தம் செல்லும். பச்சைக் கிளையானால் அது நாளுக்கு நாள் வளரும், அதன் பாரம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டி அறிய முடியாது, எனவே செல்லாது. கேட்கும்போது சிரிப்பு வரலாம். அளவு தெரியாத ஒன்றை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்ற பெரிய நெறி ஒரு மரக்கிளை வரைக்கும் இறங்கி வந்திருப்பதன் விளைவு இது. காசு வாங்க வழியில்லை என்றால் எஞ்சுவது இரண்டே: பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்பது, அல்லது நீக்கச் சொல்வது.

இன்று இத்தகைய வழக்கு, இரு தரப்பாரும் எந்தச் சமயமானாலும், உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். தேசிய நிலச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நிலத்தை முறையாகப் பயன்படுத்தத் தேவையான அளவுக்கு மேலுள்ள காற்றுவெளியும் உரிமையாளருக்கே என்கிறது. 1956-இன் உரிமையியல் சட்டத்தின் வழியாக இங்கே வந்த ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் 1890-களின் லெம்மன்–வெப் வழக்கு அடிப்படை: தன் நிலத்தின் மேல் நீண்ட கிளையை, அயலார் நிலத்தில் கால் வைக்காமல், முன்னறிவிப்பு எதுவும் தராமலே ஒருவர் எல்லைக்கோடு வரை வெட்டிக்கொள்ளலாம். நீதிமன்றத்தின் பளுவைக் குறைக்க இது நல்ல விதி. அயலுறவுக்கு அப்படி இல்லை. மஜல்லா பேச வைக்கிறது. இது பேசாமலிருக்க வசதி செய்து தருகிறது. சனிக்கிழமை காலை எதிர்பாராமல் பாராங் கத்திச் சத்தம் கேட்டு வெளியே வரும் மரக்காரரிடம் சட்டத்தைச் சொல்லி மனத்தாங்கலைத் தீர்க்க முடியாது.

தீங்கு எது என்ற கேள்விக்கு ஜொகூரின் தாமான் வாழ்க்கை சில புதிய உதாரணங்களைத் தருகிறது. அண்டை வீட்டு மாவிலை கூரையோரத்து மழைநீர்த் தகரத்தில் விழுந்து அடைக்கிறது; தண்ணீர் தேங்குகிறது; ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப்புழு எந்த வீட்டில் கிடைத்ததோ அந்த வீட்டார்தான் பதில் சொல்ல வேண்டும். இலை எந்த மரத்தினது என்று சுகாதார அதிகாரி கேட்கமாட்டார். இங்கே சுகக்குறைவு நோயாக மாறுகிறது. மஜல்லாவின் அளவுகோலிலும் இது நிழலின் கணக்கில் சேராது. ரம்புத்தான் கிளை வழியாக முசுறு எறும்பு வருவதும், டுரியான் பழம் இரவில் தானாக உதிர்ந்து துத்தநாகக் கூரையைத் துளைப்பதும் அப்படியே. விடியற்காலையில் வீசும் சுமத்ராப் புயல்காற்றில் முறிந்து விழக்கூடிய காய்ந்த கிளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மறுபுறம், முற்றத்தில் நான்கு பூ உதிர்வதும் துணி காய அரை மணி கூடுதலாக ஆவதும் தொல்லைதான், தீங்கு ஆகா.

உரிமை தீங்காக மாறும் இடத்தை நபிகள் நாயகத்தின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது; அபூதாவூத் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. சமுரா இப்னு ஜுன்துப் என்பவருக்கு ஓர் அன்சாரியின் தோட்டத்துக்குள் பேரீச்ச மரம் இருந்தது. அதைப் பார்க்க அவர் அடிக்கடி வருவது அந்தக் குடும்பத்துக்கு இடைஞ்சலாயிற்று. விற்றுவிடச் சொன்னார்கள், மறுத்தார். வேறு மரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். நன்கொடையாகக் கொடுத்தால் மறுமையில் பலன் உண்டு என்று சொல்லியும் மறுத்தார். அதன் பிறகே, தீங்கு செய்பவர் என்று அவரைக் கடிந்து, மரத்தைப் பிடுங்கச் சொன்னார் நபி. இங்கே தண்டிக்கப்பட்டது மரத்தின் இருப்பு அல்ல. மூன்று நல்ல வழிகளையும் அடைத்த பிடிவாதம்.

காய் விஷயத்தில் சட்டமும் சமயமும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன, நடைமுறைதான் வேறு பேசுகிறது. கிளையை வெட்ட உரிமை இருந்தாலும் வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் மரக்காரருடையவை. 1919-இல் மில்ஸ்–புரூக்கர் வழக்கில், எல்லை தாண்டிய ஆப்பிள் கிளைகளை வெட்டிப் பழத்தை விற்றவர் விலையைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை, 1707-இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த வழக்காறு, தென்னையை முன்வைத்து இதையே சொல்கிறது: நட்டவர் கவனத்தோடு வளர்த்தும் தென்னை சாய்ந்து அயல் காணியின் மேல் போய்விட்டால் காய் நட்டவருக்கே. மலாயாவுக்கு எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்த யாழ்ப்பாணத்தார் வேலிச் சண்டையை ஊரிலேயே நன்கு அறிந்தவர்கள். ரோமானியச் சட்டம் ஒரு படி மேலே போய், அயல் நிலத்தில் உதிர்ந்த பழத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து பொறுக்கிக்கொள்ள மரக்காரருக்கு அனுமதி தந்தது. ஷாஃபிஈ அறிஞர்கள் ஊர் வழக்கத்தைப் பார்த்தார்கள்: உதிர்ந்த பழத்தை எடுப்பதை மரக்காரர்கள் பொருட்படுத்தாத ஊரானால் எடுக்கலாம், அப்படி வழக்கம் இல்லாத ஊரில் எடுப்பது ஹராம்.

திருக்குறள் இதற்கு இரண்டு பக்கங்களிலிருந்தும் வருகிறது. வெஃகாமை அதிகாரம் கிளைக்குக் கீழே நிற்பவரைப் பார்த்துப் பேசுகிறது: கைக்கு எட்டுகிறது என்பது பிறர் பொருளைத் தன்னுடையதாக்காது. ஒப்புரவறிதல் அதிகாரம் மரத்தை வைத்திருப்பவரைப் பார்த்துப் பேசுகிறது. கொடுக்கும் மனமுள்ளவரின் செல்வத்துக்கு ஊர் நடுவே பழுத்த மரத்தை உவமையாக்குகிறது. இரண்டையும் சேர்த்தால் வேலிக்கு இரு பக்கமும் கடமை உண்டு என்று ஆகிறது: இந்தப் பக்கத்தவர் கேளாமல் பறிக்கக் கூடாது, அந்தப் பக்கத்தவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. ரம்புத்தான் காலத்தில் ஒரு பை நிறைய வேலிக்கு மேலே நீட்டும் மலாய் மக்சிக்குகளும், மாரியம்மன் திருவிழாவுக்கு வேப்பிலை ஒடித்துக் கொடுக்கும் அக்காமார்களும் இந்த அதிகாரங்களைப் படித்திருக்க வேண்டியதில்லை. அப்படிக் கொடுத்து வாங்கும் வீடுகளுக்கிடையே கிளை பற்றிய புகார் மன்றம் வரை போவது அரிது.

இதுவரை சொன்னவை எல்லாம் மரத்தைப் பொருளாகவே வைத்துப் பேசின. இந்திய மரபுகள் இங்கே ஒரு மூன்றாம் தரப்பைக் கொண்டுவருகின்றன. தொல்காப்பியம் மரபியலில் புல்லையும் மரத்தையும் தொடு உணர்வு மட்டும் உடைய ஓரறிவு உயிர்களாக வகுத்தது. மரங்கள் உள்ளே உணர்வுள்ளவை, இன்ப துன்பம் அறிபவை என்றது மனுவின் நூல். காய்க்கும் மரத்தை வெட்டியவருக்குப் பரிகாரமாக நூறு வேத மந்திரங்களை ஓதச் சொன்னது. நற்றிணையின் 172-ஆம் பாட்டில் ஒரு பெண், தானும் தோழியரும் வளர்த்த புன்னையைத் தாய் 'உங்கள் தங்கை' என்று சொன்னதால் அதன் நிழலில் காதலனோடு பேச நாணுகிறாள். அடுத்த வீட்டுக் கிழவர் தன் மாமரத்தைத் தொட விடாமல் மல்லுக்கட்டும்போது, அவர் காப்பது நிலத்தின் அங்குலக் கணக்கை மட்டும் அல்ல என்பதை இது விளங்க வைக்கும்.

பௌத்தம் இதே கருத்தைத் துறவிகளின் விதியாக்கியது. செடிகொடிகளை அழிப்பதைத் தடுக்கும் விதி உண்டான கதை விநயத்தில் இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் ஒரு துறவி மரத்தை வெட்டும்போது, அதில் குடியிருந்த தேவதையின் குழந்தையின் கையில் அடி பட்டது. தேவதைக்கு அவரைக் கொன்றுவிடத் தோன்றியது. அடக்கிக்கொண்டு புத்தரிடம் முறையிட்டாள். அவளது பொறுமையைப் பாராட்டிய புத்தர் அவளுக்கு வேறு மரம் காட்டினார். அண்டை வீட்டார் தகராறுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கடினம். குடியிருந்த இடத்தை இழந்தவள் அவள். பழிவாங்கும் வலிமையும் அவளிடம் இருந்தது. இருந்தும் முதலில் போய்ச் சொன்னாள்.

மரத்தில் குடியிருப்பவர் உண்டு என்ற நம்பிக்கை ஜொகூரில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தோட்டப்புறங்களில் மரத்தடியில் சூலம் நட்ட முனீஸ்வரர், சீனர்கள் மரத்தின் அடியில் சிறு சிவப்பு மாடம் கட்டி வழிபடும் டத்தோ கோங், இருவரும் தோட்டம் தாமானாக மாறிய பிறகும் இடம்பெயராமல் இருப்பதுண்டு. அந்த மரத்தின் கிளை அடுத்த வீட்டின் மேல் சாய்ந்தால், கூலிக்கு வெட்டும் ஆளே தயங்குவார். எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் ஏற்றி, மன்னிப்புக் கேட்டு வெட்டுவது தமிழர் வழக்கம். இதற்குப் பழைய வேர் உண்டு: 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, சிலைக்கு மரம் வெட்டுமுன் பலியிட்டு, அதில் வாழும் உயிர்கள் வேறிடம் போகும்படி வேண்டச் சொல்கிறது. மரத்திடம் அனுமதி கேட்பதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் உண்டு. ஆனால் மரத்திடம் கேட்கிற கை மரக்காரரிடம் கேட்காமல் போவதுதான் பெரிய முரண்பாடு. அர்த்தசாஸ்திரம் இதில் உலகியல் கணக்குப் பார்த்தது: ஊர்ச் சோலையில் கிளையை ஒடித்தால் கிளையின் அளவுக்கேற்ப அபராதம்; எல்லை மரமும் வழிபாட்டு மரமும் ஆனால் இரண்டு மடங்கு.

கேட்பதற்கு மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, மரத்தைச் சத்தமில்லாமல் கொல்வது: வேரில் களைக்கொல்லி ஊற்றுவது, அடிமரப் பட்டையை வளையமாகச் சீவிவிடுவது. இதற்கு எந்தச் சமயத்திலும் இடமில்லை. தீங்கை இன்னொரு தீங்கால் போக்கக் கூடாது என்பது மஜல்லாவின் முகப்பிலுள்ள பொது நெறிகளில் ஒன்று. தண்டனைச் சட்டத்தின் 425-ஆம் பிரிவு பிறர் சொத்தை வேண்டுமென்றே அழிப்பதைக் குற்றமாக்குகிறது. மரக்காரரே ஆனாலும் முழு மரத்தை நினைத்தபடி வெட்டிவிட முடியாது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்துத் தரும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

வெட்டும் விதத்திலும் ஓர் அறம் இருக்கிறது, அது தாவரவியலிலிருந்து வருகிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று உண்டு. அந்த வளையத்தைச் சேதப்படுத்தாமல் அதன் ஓரத்தில் வெட்டினால் மரம் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். நடுக்கிளையில் வெட்டினால் மிஞ்சும் முண்டு பட்டுப்போய், அழுகல் உள்ளே இறங்கும். அல்லது அந்த இடத்தில் பலவீனமான துளிர்கள் கொத்தாகக் கிளம்பி இரண்டே ஆண்டில் முன்னைவிடப் பெரிய தொல்லையாகும். 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரம் தன் காயத்தை எப்படிச் சுவரெழுப்பித் தனிமைப்படுத்துகிறது என்று விளக்கிய பின் இந்த முறை உலகெங்கும் பரவியது. சட்டம் அனுமதிக்கும் வெட்டு எல்லைக்கோட்டில் நிற்கிறது. மரம் தாங்கும் வெட்டோ பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கம், மரக்காரரின் முற்றத்தில் இருக்கிறது. அங்கே போக அவர் சம்மதம் வேண்டும். முன்னறிவிப்பு தேவையில்லை என்ற ஆங்கில விதியை முழுதாகப் பயன்படுத்துபவர், மரத்தையும் கெடுத்துத் தன் தொல்லையையும் வளர்த்துக்கொள்கிறார்.

எஞ்சியிருப்பது, வேலிக்கோட்டிலேயே முளைத்து இரு பக்கமும் பருத்த மரம். பறவை போட்ட விதையில் வந்த ஆலும் அரசும் கம்பி வேலியையே அடிமரத்துக்குள் விழுங்கி நிற்பதைப் பழைய கிராமங்களில் காணலாம். இதில் யார் கிளை யார் மேல் நீள்கிறது என்ற கேள்விக்கே பொருளில்லை. இரண்டு வயல்களின் எல்லையில் வளர்ந்த மரத்தின் பூவும் காயும் இருவருக்கும் பொது என்கிறது நாரத ஸ்மிருதி. மரத்தை நிலத்தின் பகுதியாகவே கொள்ளும் தேசிய நிலச் சட்டத்தின் பார்வையிலும் அடிமரம் இரண்டு நிலங்களிலும் நிற்கிறது. தன் பக்கத்துப் பாதியை மட்டும் ஒருவரால் வெட்டி எடுக்க முடியாது. கிளை கழிப்பதானாலும் அடியோடு சாய்ப்பதானாலும் மற்றவர் சம்மதம் வாங்க வேண்டும், வெட்டுக்கூலியையும் பாதியாகப் பிரித்துக்கொள்வதே முறை.